அக்காவும் கடையின் நான்காவது டப்பாவும்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது நீங்கள் படத்துக்குப் பூப் போட்டுவிட்டு, பந்திக்கு இடம் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். வந்த எல்லோருக்கும் வணக்கம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அரியலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். அக்காவைப் பற்றி உங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாதிதான் தெரியும். சொந்தக்காரர்களுக்குத் தெரிந்த பாதி கடைக்காரர்களுக்குத் தெரியாது. கடைக்காரர்களுக்குத் தெரிந்தது சொந்தத்தில் பலர் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரு தடவை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

அக்கா பிறந்தது வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில், பேருந்து உள்ளே வராத ஒரு சிற்றூரில். அப்பாவுக்கு மானாவாரி நிலம். மக்காச்சோளமும் பருத்தியும் போடுவார். கிணற்றில் தண்ணீர் நிற்கிற வருடம் சின்ன வெங்காயம் நடுவார். பிள்ளைகள் மூவர். அக்கா மூத்தவர், நான் நடு, செல்வராசு கடைசி. செல்வராசு தவழ்கிற பருவத்தில் அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அக்கா அப்போது உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் காரியம் முடிந்த பிறகு அவர் பள்ளிக்குத் திரும்பவில்லை. போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை. செல்வராசுவை இடுப்பில் வைத்துக்கொண்டே உலை வைப்பார், தண்ணீர் இறைப்பார். அவன் அக்காவைத்தான் அம்மா என்று கூப்பிட்டான். விவரம் தெரிந்த பிறகும் அப்படித்தான் கூப்பிட்டான்.

அக்காவைத் தா.பழூர் பக்கம் நெல் விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தோம். அத்தான் அதிகம் பேசாத மனிதர், உழைப்பாளி. சுகன்யா பிறந்து பல் முளைக்கும் முன்பே, மழை நாளில் மோட்டார் கொட்டகையில் சுவிட்சைத் தொட்டவர் அங்கேயே விழுந்துவிட்டார். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வீட்டில் அக்காவைப் போகச் சொல்லவில்லை என்றாலும், காலையில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கினார்கள். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குழந்தையோடு வந்துவிட்டார். அப்பா காலமான பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, செல்வராசுவையும் கூட்டிக்கொண்டு பெரம்பலூரில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக் குடியேறினார்.

பெரம்பலூரில் அவருக்கு மளிகைக் கூட்டுறவுக் கடையில் பொட்டலம் போடும் வேலை கிடைத்தது. அது ஒரு தனி முதலாளியின் கடை அல்ல. ஊர்க்காரர்களே பங்கு போட்டு உறுப்பினராகி நடத்துகிற கடை. தலைவரையும் நிர்வாகக் குழுவையும் உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள். அங்கே அக்கா பருப்பும் மிளகாயும் நிறுத்துக் கட்டிக்கொண்டிருந்து, சில வருடங்களில் பில் போடும் இடத்துக்கு வந்தார். வாடிக்கையாளர்கள் பெயரோடு அவர்கள் வீட்டு நோயாளிகளின் பெயரும் அவருக்குத் தெரியும். சர்க்கரை நோய் உள்ள வீட்டுக்கு வெல்லம் அதிகம் போனால், "யாருக்குங்க இது?" என்று கேட்டுவிடுவார். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது.

இப்போது செல்வராசுவைப் பற்றி எழுத வேண்டும். கல்லூரியில் சேர்ந்த வருடம் அவனுக்கு மனநலம் கெட்டது. தனியாகப் பேசுவான், சிரிப்பான், சில நாள் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பான். அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடும் காலத்தில் நன்றாக இருப்பான். அக்காவுக்குத் துணி துவைத்துக் கொடுப்பான், சுகன்யாவைப் பள்ளியில் விட்டு வருவான். மாத்திரையை நிறுத்திவிட்டால் நடக்க ஆரம்பித்துவிடுவான். கால் போன திசையில் நடப்பான். பாடாலூரிலிருந்தும் சமயபுரத்திலிருந்தும் பலமுறை திரும்பக் கூட்டி வந்திருக்கிறோம். ஒருமுறை அப்படிப் போனவன் கிடைக்கவில்லை.

தேடாத இடமில்லை. நெடுஞ்சாலை ஓட்டல்கள், கோயில் மண்டபங்கள், ரயில் நிலையங்கள், ஆதரவற்றோர் இல்லங்கள் என்று ஒவ்வொரு வாரமும் நானும் அக்காவும் போனோம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். மாதங்கள் ஓடின. பிறகு சென்னைச் சாலையில், அடுத்த மாவட்டத்திலிருந்த ஒரு காவல் நிலையத்திலிருந்து அழைத்தார்கள். அங்கே சட்டையையும் இடுப்பில் கட்டியிருந்த தாயத்தையும் ஒரு புகைப்படத்தையும் காட்டினார்கள். தாயத்து அக்கா கட்டிவிட்டது. சாலையைக் கடக்கும்போது ஏதோ வண்டி அடித்திருக்கிறது. யார் என்று தெரியாததால் சவக்கிடங்கில் வைத்திருந்து, யாரும் வராததால் அடக்கம் செய்துவிட்டார்கள்.

அடக்கம் செய்தது யார் என்று அக்கா கேட்டார். காவலர் ஒருவர் எங்களைச் சாலையோரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த ஒருவரிடம் அனுப்பினார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு எங்களோடு ஆற்றங்கரைக்கு வந்தார். அடையாளம் தெரியாதவர்களை எரிப்பதில்லை, யாராவது பின்னால் தேடி வரலாம் என்று புதைக்கத்தான் செய்வார்கள் என்றார். ஒரு மேட்டைக் காட்டினார். தலைமாட்டில் ஒரு கல் நட்டிருந்தது. அக்கா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"மண்ணு யாருங்க போட்டது?"

"நானும் என் சம்சாரமும் போட்டோம்மா. யாரு பெத்த புள்ளையோன்னு சொல்லித்தான் போட்டோம். குளிப்பாட்டி, புதுத்துணி போத்தி, பால் ஊத்தித்தான் எறக்குனோம். சும்மா தள்ளிடல."

அக்கா அதன் பிறகுதான் உட்கார்ந்து அழுதார். செலவுக்கு நான் ஏதாவது கொடுக்கப் போனேன். அந்த மனிதர் வாங்கவில்லை. அந்த ஊர் மளிகைக் கடையில் ஜனங்கள் சாமான் வாங்கிவிட்டு மீதிச் சில்லறையை ஒரு டப்பாவில் போட்டுவிட்டுப் போவார்கள் என்றும், துணியும் பூவும் குழி வெட்டும் கூலியும் அதிலிருந்து வருவதாகவும் சொன்னார். திரும்பி வரும் பேருந்தில் அக்கா வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வாலிகண்டபுரம் தாண்டும்போது, "முருகேசு, அவனை யாரோ குளிப்பாட்டி இருக்காங்கடா" என்றார்.

கடையில் வாடிக்கையாளர் நன்கொடைத் திட்டம் தொடங்கியது அதற்குப் பிறகுதான். உறுப்பினர்கள் பலர் இதை நிர்வாகக் குழுவின் யோசனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யோசனை அக்காவுடையது. பில் போடும் மேசையில் டப்பாக்கள் வைப்பது, ஒவ்வொரு டப்பாவும் ஊரில் வேலை செய்கிற ஒரு குழுவுக்கு, மீதிச் சில்லறையை எதில் போடுவது என்பது வாங்குபவர் விருப்பம். இதைத் தலைவரிடம் சொன்னபோது அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. தலைவர் மாவு மில் வைத்திருப்பவர். நல்லவர். இதை நான் ஒப்புக்குச் சொல்லவில்லை.

முதலில் மூன்று டப்பாக்கள் வைத்தார்கள். ஒன்று மாற்றுத்திறன் குழந்தைகளின் பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு. ஒன்று ஏரியில் சீமைக்கருவேலம் வெட்டுகிற இளைஞர்களுக்கு. இன்னொன்று, தனியாகக் கிடக்கும் முதியவர்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுபோகும் பெண்கள் குழுவுக்கு. ஜனங்கள் முதலில் உண்டியல் வைத்துவிட்டார்கள் என்று முணுமுணுத்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். அம்மாவோடு வரும் குழந்தைகள், நான்தான் போடுவேன் என்று சண்டை பிடிப்பார்கள். மாதக் கடைசியில் அந்தந்தக் குழுவினர் வந்து, தங்களுக்கு வந்ததற்குக் கடையிலேயே அரிசி, எண்ணெய், கயிறு, கடப்பாரை என்று வாங்கிப் போவார்கள். பள்ளியின் ஆசிரியை ஒருவர், பிள்ளைகள் அந்த மாதம்தான் முதல்முறையாக வாரம் முழுவதும் முட்டை சாப்பிட்டதாகச் சொன்னார். அக்கா அன்று வீட்டுக்கு வந்து அதை எல்லோரிடமும் சொன்னார்.

ஆனால் அக்கா மனதில் இருந்தது நான்காவது டப்பா. பெரம்பலூரிலும் யாரும் கோராத உடல்களை அடக்கம் செய்கிற இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஆம்புலன்ஸ் ஓட்டும் பாஸ்கர். இன்னொருவர் பூக்கடை ஜபருல்லா பாய். இருவரும் சொந்தக் கைக்காசைப் போட்டுச் செய்து வந்தார்கள். அவர்களுக்காக ஒரு டப்பா வைக்க வேண்டும் என்று அக்கா குழுவில் கேட்டார். தலைவர் தயங்கினார்.

"ஏம்மா, மஞ்சளும் குங்குமமும் விக்கிற எடம் இது. வெள்ளிக்கெழமை பொம்பளைங்க சாமிக்குச் சாமான் வாங்க வர்றாங்க. அங்க போயி பொணத்துக்கு உண்டியல் வச்சா யாரும்மா வருவா?"

"என் தம்பிக்கு ஒரு மளிகைக் கடையிலதாங்க வச்சிருந்தாங்க. அந்தக் கடையிலயும் மஞ்சளு, குங்குமம் இருக்கத்தான் செஞ்சிருக்கும்" என்றார் அக்கா.

செல்வராசுவுக்கு என்ன ஆனது என்று அதுவரை அவர் கடையில் யாரிடமும் சொன்னதில்லை. அன்று சொன்னார். குழு ஒத்துக்கொண்டது. டப்பாவில் 'இறுதி உதவிக் குழு' என்று மட்டும் எழுத வேண்டும், பிணம், சவம் என்று எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். அக்காவும் சரி என்றார்.

அந்த டப்பா பல நாள் காலியாகவே இருந்தது. பெண்கள் அதைப் பார்த்தால் கையை இழுத்துக்கொள்வார்கள். கல்யாணச் சாமான் வாங்க வந்த ஒரு அம்மா அதைத் துணி போட்டு மூடச் சொன்னார்; அக்கா மூடினார், அவர் போன பிறகு துணியை எடுத்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிலர் போடத் தொடங்கினார்கள். நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவர்கள், வெளிநாட்டில் மகன் இருக்கிற பெரியவர்கள், கணவனைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்த ஒரு பெண். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். போட்டுவிட்டு விலகிப் போவார்கள்.

அக்கா நேரில் போக ஆரம்பித்தது ஒரு பெண்ணின் உடலுக்காக. பேருந்து நிலையத்தில் இறந்து கிடந்தவர். காவல்துறையின் வேலைகள் எல்லாம் முடிந்து, அடக்கம் செய்யக் கொடுத்தபோது, குளிப்பாட்டி உடுத்திவிட ஒரு பெண்ணும் கிடைக்கவில்லை. ஆண்கள் நாங்கள் எப்படித் தொடுவது என்று பாஸ்கர் கடைக்கு வந்து அக்காவிடம் கேட்டார். அக்கா வீட்டுக்குப் போய், பொங்கலுக்கு வாங்கி இன்னும் பிரிக்காத புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். குளிப்பாட்டி, தலை வாரி, புடவை கட்டி, மண் போட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து பெண்களுக்கெல்லாம் அவர்தான் போனார்.

சொந்தத்தில் இதைக் கேள்விப்பட்டவர்களுக்கு எவ்வளவு சங்கடம் இருந்தது என்று எனக்குத் தெரியும். பொம்பளை சுடுகாட்டுக்குப் போகலாமா என்று என்னிடம்தான் கேட்டார்கள். அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. நான் அக்காவிடம் சொன்னபோது, குளிச்சிட்டுத்தானே வீட்டுக்குள்ள வர்றேன் என்று மட்டும் சொன்னார்.

ஒருநாள் அங்கே நின்ற யாரோ கைப்பேசியில் படம் எடுத்து, 'பிணங்களுக்குத் தாயான பெண்' என்று ஏதோ தலைப்பும் போட்டு அனுப்பிவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். அது ஊர் முழுக்கப் போனது. பார்த்தவர்கள் முதலில் பாராட்டினார்கள். அதற்குப் பிறகு, அந்தக் கையால்தானே நமக்குப் பருப்பு நிறுத்துக் கொடுக்கிறாள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. வாடிக்கையாளர்கள் அக்கா இருக்கும் மேசையை விட்டுப் பக்கத்து மேசையில் வரிசை கட்டினார்கள். அக்காவின் மேசை காலியாகவும், பக்கத்து மேசையில் வாசல்வரை கூட்டமாகவும் இருந்ததை நானே ஒரு சனிக்கிழமை பார்த்தேன். அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிலர் கடைக்கு வருவதையே நிறுத்தினார்கள்.

குழு கூடிப் பேசி, அக்காவைப் பின்பக்கம் கிடங்குக்கு மாற்றியது. நான்காவது டப்பாவை எடுத்துவிட்டார்கள். வேலையை விட்டு எடுக்க வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. தலைவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. டப்பாவை ஜபருல்லா பாய் தன் பூக்கடைக்கு எடுத்துப் போய் வைத்துக்கொண்டார். மற்ற மூன்று டப்பாக்களும் கடையில் தொடர்ந்தன. என்னால் ஆறவே முடியவில்லை. எல்லாவற்றையும் எடுக்கச் சொல், திட்டம் உன்னுடையது என்று அக்காவிடம் சத்தம் போட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்ன செய்யும் என்று திருப்பிக் கேட்டார். கிடங்கில் மூட்டைத் தூசிக்கு நடுவே, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, கடைசிவரை வேலை பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் சுகன்யாவுக்கு ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருந்தது. பையன் படித்தவர், குடும்பமும் கண்ணியமானது. பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். படம் அவர்கள் கண்ணிலும் பட்டது. தரகர் வந்து, சம்பந்தியம்மா இந்த வேலையை விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்தால் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று சொன்னார். நானும் அங்கே இருந்தேன். அக்கா எதிர்த்து ஏதாவது பேசுவார் என்று எதிர்பார்த்தேன். விட்டுவிடுகிறேன் என்று சொல்லுங்கள் என்றார். அன்றே பாஸ்கரைக் கூப்பிட்டு, இனிமேல் என்னைக் கூப்பிடாதே தம்பி, பெண் வாழ்க்கை என்று சொல்லிவிட்டார்.

பாஸ்கர் சில வாரங்கள் கூப்பிடவில்லை. பிறகு ஒரு காலையில் வேறு வழியில்லாமல் அழைத்தார். பாடாலூர் பக்கம் சாலையோரத்தில் ஒரு வயதான பெண். உடல் கெட்டுப்போயிருந்தது. ஒரு பெண்ணும் கிட்டே வரவில்லை. போனை எடுத்தது சுகன்யா. அவள் அக்காவிடம் சொன்னாள்; போயிட்டு வாம்மா, மாப்பிள்ளை வீட்டுக்கு யாரு சொல்லப்போறா என்றாள். அக்கா அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தார். புடவையை எடுத்து வைத்தார், திரும்பவும் பெட்டிக்குள் வைத்தார். போகவில்லை.

பாஸ்கரும் பாயும் தங்களுக்குத் தெரிந்த மாதிரி செய்தார்கள். சில நாள் கழித்துப் பாஸ்கரைக் கடைத்தெருவில் பார்த்தபோது, எப்படிப் போனது என்று அக்கா கேட்டிருக்கிறார். அவர் மறைக்கத் தெரியாதவர். "துணி கூடச் சரியா சுத்த வரலக்கா எங்களுக்கு. பிளாஸ்டிக்கோடதான் எறக்குனோம்" என்று சொல்லிவிட்டார். அக்கா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை.

வாக்குக் கொடுத்ததற்குப் பலனும் கிடைக்கவில்லை. மாதம் முடிவதற்குள், ஜாதகத்தை இன்னொரு இடத்தில் பார்த்ததில் சரியில்லை என்று ஜெயங்கொண்டத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பையனுக்கு வேறு இடத்தில் பேசி முடித்ததைப் பிறகு கேள்விப்பட்டோம். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இருந்தது, இப்போது இல்லை. அவர்களும் அவர்கள் சொந்தத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்தான். ஆனால் அன்று அக்கா சுகன்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை மறக்க முடியவில்லை.

"உனக்காகத்தாண்டி நிறுத்துனேன். உனக்கும் அமையல. அந்தப் பொம்பளைக்கும் நான் போகாம உட்டுட்டேன்."

சுகன்யா எழுந்து போனாள். அக்காவின் பெட்டியிலிருந்து அந்தப் புடவையை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். அதற்குப் பிறகு அக்காவை யாரும் தடுக்கவில்லை. தடுத்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார். அந்த வயதான பெண்ணைப் புதைத்த இடத்துக்கு ஒருநாள் பாஸ்கரோடு போய், பால் ஊற்றி, பூப்போட்டு, வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார். அதனால் அவர் மனம் ஆறியது என்று என்னால் எழுத முடியாது.

நோய் எப்போது தொடங்கியது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கிடங்கில் மூட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பதைக் கூட வேலை பார்த்த அஞ்சலை பார்த்திருக்கிறார். கேட்டால் சூட்டு வலி என்பார். உதிரப்போக்கை மகளிடமிருந்தும் மறைத்திருக்கிறார். திருச்சி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனபோது கர்ப்பப்பைப் புற்றுநோய், வெகுதூரம் பரவிவிட்டது என்றார்கள். கதிர் சிகிச்சை கொடுத்தார்கள். முடி கொட்டவில்லை என்று அக்காவுக்கு ஒரு சந்தோஷம். பிறகு அதற்கும் உடம்பு தாங்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், வலிக்கு மருந்து தருகிறோம் என்றார்கள்.

வீட்டில் இருந்த அந்த மாதங்களைப் பற்றி விரிவாக எழுத எனக்குத் தெம்பில்லை. வலி வரும்போது அக்கா வாயில் துணியை வைத்துக் கடித்துக்கொள்வார். நாற்றம் வருகிறது என்று தன்னைப் பார்க்க வருபவர்களை வாசலிலேயே உட்கார வைக்கச் சொல்வார். அஞ்சலை மட்டும் அதைக் கேட்கவில்லை. தினமும் கடை முடிந்து நேராக உள்ளே வந்து, வெந்நீர் வைத்து, சுகன்யாவோடு சேர்ந்து அக்காவைத் துடைத்து, துணி மாற்றிவிட்டுப் போவார். அவருக்கும் வீட்டில் மாமியார் படுக்கையில்.

தலைவர் ஒருநாள் மாலை பழம் வாங்கிக்கொண்டு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஏதாவது செய்ய வேண்டுமா, சொல்லும்மா என்றார். அக்கா நான்காவது டப்பாவைத் திரும்ப வைக்கச் சொல்லிக் கேட்பார் என்றே நான் நினைத்தேன். தலைவரும் அதைத்தான் எதிர்பார்த்து வந்திருப்பார் என்று தோன்றியது. அக்கா கண்ணைத் திறந்து, "கெடங்குல மேக்கு மூலை ஒழுவுதுங்க. மழைக்கு முன்னாடி மூட்டைய மாத்தி அடுக்கச் சொல்லுங்க. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போற அரிசி அங்கதான் கெடக்கு" என்றார். தலைவர் தலையை ஆட்டினார். எழுந்து போகும்போது வாசல்படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். மழைக்கு முன்பு மூட்டைகளை மாற்றி அடுக்கினார்கள். டப்பா கடைக்குத் திரும்பவில்லை. இதை எழுதும் இன்றுவரை திரும்பவில்லை.

அக்கா ஒரு விடியற்காலையில், சுகன்யா வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது போனார். கடைசியாகச் சொன்ன வார்த்தை என்று எதுவும் இல்லை. இரண்டு நாளாகவே பேச்சு நின்றிருந்தது.

உறவினர்கள் வந்தீர்கள். கோடித்துணி போட்டீர்கள். சமையல்காரரைப் பார்த்தது, பந்தல் போட்டது, தூரத்திலிருந்து வந்தவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தது எல்லாம் நீங்கள்தான். அக்காவைக் குளிப்பாட்ட நேரம் வந்தபோது பெண்கள் யார் முதலில் தொடுவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. நோய் கண்ட உடம்பு என்ற பயமாக இருக்கலாம். அஞ்சலை சொம்பை எடுத்தார். அதன் பிறகு எல்லோரும் வந்தீர்கள். அதற்காக நான் யார் மேலும் குறை சொல்லவில்லை. பாஸ்கரும் ஜபருல்லா பாயும் அன்று எந்த வேலையும் செய்யாமல் எங்களோடு வரிசையில் நின்றார்கள். பாடையைத் தூக்கும்போது பாய் தோள் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார். "என் தங்கச்சிதானே" என்றார். கொடுத்தார். கொள்ளி வைத்தது சுகன்யா.

இந்த மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன் குடும்பத்தில் ஒரு பேச்சு வந்தது. அக்கா கூட்டுறவுக் கடையில் பணியாற்றினார், ஏழைகளுக்கு உதவும் திட்டத்தைக் கொண்டுவந்தார், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார் என்று எழுதினால் போதும், சுடுகாட்டு விஷயம் வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கல்யாணமாகாத பெண் வீட்டில் இருக்கிறாள், ஊர் மறந்துகொண்டிருப்பதை நாமே அச்சடித்துக் கொடுப்பானேன் என்பது அவர்கள் கவலை. அக்கறையில் சொன்னதுதான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு பக்கம் எழுதியும் வைத்தேன். சுகன்யா அதைப் படித்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இது யாரைப் பத்தி மாமா?" என்று கேட்டாள்.

"உங்க அம்மாவைப் பத்தித்தான்."

"எங்கம்மா இதுல இல்லையே. எல்லாத்தையும் எழுதுங்க. எனக்கு வர்றது வரட்டும்."

அதனால் எழுதியிருக்கிறேன்.

அக்காவுக்கு வலியில்லாமல் இருக்கத் தங்களால் ஆனதைச் செய்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கூட வேலை பார்த்தவர்களுக்கும், மூன்று டப்பாக்களிலும் இன்றும் போட்டுக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர்களுக்கும், தலைவருக்கும், அஞ்சலைக்கும், பாஸ்கருக்கும், ஜபருல்லா பாய்க்கும், ஆற்றங்கரையில் எங்கள் செல்வராசுவுக்கு மண் போட்ட அந்தத் தம்பதிக்கும், பழைய மனத்தாங்கலை வைத்துக்கொள்ளாமல் இன்று வந்திருக்கும் உறவுகள் அனைவருக்கும் என் நன்றி.

அக்கா போன பிறகு, பெண்களின் உடல் வந்தால் பாஸ்கர் சுகன்யாவைத்தான் அழைக்கிறார். அவள் போகிறாள். நான் தடுக்கவில்லை. அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். உங்களுக்குத் தெரிந்த நல்ல இடம் இருந்தால் சொல்லுங்கள். ஜாதகத்தைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம். முதலில் இந்த மலரைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

தம்பி முருகேசன்
அரியலூர்